கறுப்பு அம்பாசிடர்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டமாக இருந்த காலம். முழுப்பரீட்சை லீவு விட்டதும் அரியலூரில் இருந்த தாய்மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். மாமாவுக்கு லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட். அந்த வருடம் என் பையில் ஒரு மரக் கார் இருந்தது. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் சாமி சிலை செதுக்கும் பெரியவர் ஒருவர், வேலையில் மிஞ்சிய வாகைக் கட்டையை அம்பாசிடராக இழைத்துத் தந்தது. அந்த ஊர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல்தான் புவிசார் குறியீடு வந்தது.

"என்ன கலரு மாப்ள?"

"கறுப்பு மாமா."

"கறுப்பு பொல்லாதது. எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும்."

முதல் நாள் முழுக்க உப்புத்தாள். மறுநாள் பிரைமர், அதன்மேல் மெல்லிசாகப் பட்டி. காய்ந்த பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பர். முதலில் 220, அடுத்து 400. வழவழவென்று ஆகிவிட்டதாக நினைத்துக் கொண்டுபோய் நீட்டினால், மாமா கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுவார். "இங்க பள்ளம். கண்ணால பாக்காத, கையால பாரு."

நாலாம் நாள் ஸ்ப்ரே கன்னை எடுத்து, பனி விழுகிற மாதிரி லேசாக மூன்று கோட் அடித்தார். கண்ணாடிபோல மின்னியது. அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று சாலையில் போனது. ஈரக் கறுப்பில் வெள்ளைப் பொடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காயட்டும். தேய்ச்சிட்டு மறுபடி அடிப்போம்."

ராத்திரி லாரி ஓட்டம் குறைந்த பிறகு தரையெல்லாம் தண்ணீர் தெளித்தோம். 600-ஆம் நம்பர் தாளில் தேய்த்த காருக்கு மறுபடி அடித்து, ரெண்டு செங்கல் வைத்து அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்து மூடினோம்.

பம்பருக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். சாம்பல் பூசியதுபோல் மங்கியது. மாமா சிகரெட் பெட்டியின் உள்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்தை உரித்தெடுத்தார். மிஞ்சிய வெள்ளித் தகட்டை, கை ஒட்டுகிற பதத்தில் இருந்த வார்னிஷ்மேல் பதித்து, ஸ்பூன் முதுகால் நீவினார். பிளேடால் ஓரம் நறுக்கியதும் அசல் பம்பர். ஹெட்லைட் வளையத்துக்கு அத்தையின் ஜாக்கெட்டிலிருந்து ரெண்டு டிச் பட்டன் போயின. அதற்கு மாமா திட்டு வாங்கினார்.

ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அரியலூர்ப் பக்கமெல்லாம் கடல், அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் சேர்ந்ததுதான் அந்த லாரி ஏற்றிப்போன சுண்ணாம்புக்கல் என்று பின்னாளில் படித்தேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மாமா கடைசியாக ஒருமுறை காரைத் தடவினார். கூரையின் பின்பக்கம் விரல் நின்றது. "ஒரு பொடி இருக்கு மாப்ள. தேய்ச்சிடவா?" பஸ் வந்துவிட்டது. வேண்டாம் என்றேன்.

இன்றைக்கும் கண்ணை மூடித் தடவினால், என் விரலும் அங்கேதான் நிற்கிறது.