எண்களாய் நின்ற எழுத்து

செஞ்சியில் பிறந்தவனுக்குக் கல்லும் எழுத்தும் புதியன அல்ல. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் இணைத்துச் செல்லும் மதிலின் நிழலிலேதான் எங்கள் இளமை கழிந்தது. நான் பள்ளியில் பயின்ற நாளில் ஒரு ஞாயிறன்று, என் தந்தையார் என்னைக் கோட்டைக்குள் உள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். 1717-18இல் கட்டப்பெற்றது அது. அங்குள்ள பாரசீகக் கல்வெட்டை விரலால் தடவியபடி நின்றேன். "எழுத்து இங்கேயேதான் இருக்கிறது, தம்பி. படிக்கத் தெரிந்த கண்தான் நமக்கு இல்லை" என்றார் அவர். அச்சொல்லின் முழுப்பொருள், பல்லாண்டுகள் கழித்து ஒரு கணினியின் முன்னால்தான் எனக்கு விளங்கியது.

தந்தையார் பள்ளி ஆசிரியர். ஓய்வுபெற்றபின் செஞ்சியின் வரலாற்றையும், மலையடிவாரத்து மூதாட்டியர் பாடக் கேட்ட நடவுப் பாடல்களையும் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். 1998இல் அதனை ஒரு டி.டி.பி. நிலையத்தில் தட்டச்சு செய்வித்து, நெகிழ்வட்டில் பதிந்து வாங்கி வந்தேன். கணினியில் ஏறிவிட்டதே என்னும் துணிவில் கையெழுத்துப்படியைப் பரண்மேல் போட்டுவிட்டேன். அதைக் கரையான் தின்றது. சில ஆண்டுகளில் தந்தையாரும் மறைந்தார். எஞ்சியது அந்தக் கோப்பு ஒன்றே. அதனை நெகிழ்வட்டிலிருந்து குறுந்தகட்டுக்கும், பின்னர் வன்வட்டுக்கும் தவறாமல் படியெடுத்து வந்தேன். ஆனால் ஒருமுறையேனும் திறந்து பார்க்கவில்லை.

2025 ஜூலையில், மராத்தியரின் படைத்துறைக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையையும் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. ஊரே மகிழ்ந்தது. கல்லூரியில் பயிலும் என் தங்கை மகள், "மாமா, தாத்தா எழுதிய கட்டுரையைக் கொடுங்கள், எங்கள் வகுப்பில் படிக்க வேண்டும்" என்றாள். கோப்பைத் திறந்தேன். திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! தமிழ் ஒன்றுகூட இல்லை. அக்குப்பையின் நடுவே 1677, 1698, 1714 என்னும் எண்கள் மட்டும் சிதையாமல் நின்றன. சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிய ஆண்டு, சுல்பிகார் கான் வென்ற ஆண்டு, தேசிங்கு வீழ்ந்த ஆண்டு. தந்தையார் அங்கேதான் இருந்தார். படிக்கும் கண்தான் எனக்கு இல்லை.

இதன் காரணத்தை மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கிறது. அவ்வெண்ணுக்கு உரிய வடிவத்தை எழுத்துரு தருகிறது. தந்தையாரின் கட்டுரை தட்டச்சானது பாமினி என்னும் எழுத்துருவில். அதில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பதிகிறது. அதாவது 106, 107, 112, 111, 59 என்னும் எண்கள். பாமினி உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குவியல்.

அந்நாளில் இத்தகைய முறைகள் பல வழங்கின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் வகுக்கப்பெற்றன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அது நம் மேசைக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021. இவ்வெண்கள் தமிழ் எழுத்துக்கே உரியவை; வேறெந்த எழுத்துமுறையும் இவற்றில் பங்கு கேளாது. 1998இல் முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும், பழைய முறையிலிருந்து திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் தன் நூல்களை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றியதனால் அவை இன்றும் படிக்கப்படுகின்றன.

என் கோப்பை மீட்டவள் அச்சிறுமிதான். எழுத்துரு கணினியில் இல்லாதபோதும், வேர்டு மென்பொருளின் மேற்பகுதிக் கட்டத்தில் அதன் பெயர் நின்றது. அப்பெயரே சாவி. குறியேற்ற மாற்றி ஒன்றில் உரையை இட்டாள். பழைய முறையில் ஒற்றைக்கொம்பு முன்னரும் மெய் பின்னரும் பதியும்; ஒருங்குறியிலோ மெய் முந்தும், கொம்பு பிந்தும். இம்முறைமாற்றம் முடிந்து, திரையில் முதற்சொல் எழுந்தது: 'செஞ்சி'. அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை.

எனினும் முழுமையாக மீண்டது எனச் சொல்வதற்கில்லை. கட்டுரைக்குள் இருந்த சில ஆங்கிலப் பெயர்கள் பொருளற்ற தமிழாயின. அவற்றை ஊகித்துத் திருத்தினோம். ஒரு நடவுப் பாடலின் நடுவே இரண்டு அடிகள் பொருள் விளங்காமல் நிற்கின்றன. தட்டச்சுப் பிழையோ, பாடிய மூதாட்டியின் வழக்கோ, அறியேன். கேட்கத் தந்தையார் இல்லை; ஒப்பிடக் கையெழுத்துப்படியும் இல்லை. அப்பிழை கணினியுடையதன்று, என்னுடையது.

மாணவச் செல்வங்களே! இம்மலர் போன்ற பழைய மலர்களும், உங்கள் வீட்டுப் பெரியோர் தட்டச்சு செய்வித்த கட்டுரைகளும் எங்கேனும் கோப்புகளாக உறங்கக்கூடும். அவற்றை இன்றே திறந்து பாருங்கள். சிதைந்து தோன்றினால் அஞ்சற்க. எழுத்துருவின் பெயரை முதலில் குறித்துக்கொள்க. மூலக்கோப்பைத் தொடாமல் அதன் படியிலே மாற்றம் செய்க. மாற்றியபின் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க. இனி எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுக. படிகளை வெவ்வேறிடங்களில் வைக்க. கையெழுத்துப்படியை ஒருபோதும் எறியற்க. பெரியோர்களே! உங்கள் நினைவில் உள்ளவற்றை இளையோர்க்குச் சொல்லி எழுதச் செய்யுங்கள். ஐயம் கேட்க நீங்கள் இருக்கும்போதே அது நிகழட்டும்.

சென்ற திங்களில் தங்கை மகளுடன் மீண்டும் அப்பள்ளிவாசலுக்குச் சென்றேன். அதே கல்வெட்டு, அதே இடம். "இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா, மாமா?" என்றாள். இருக்கிறார்கள். அதனால்தான் அது கல்வெட்டு, இல்லையேல் வெறுங்கல்.