ஞாயிற்றுக்கிழமைப் போட்டோ

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் போட்டோ வந்துவிடும். முதியோர் இல்லத்து மேனேஜர் அனுப்புவார். சவரம் செய்த முகம், நெற்றியில் விபூதி, கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வை. ஓசூரிலிருந்து நான் ஒரு கும்பிடு போடுவேன். வாழப்பாடியிலிருந்து அக்கா ஒரு பூ வைப்பாள். அந்த வாரத்துப் பிள்ளைக் கடமை அத்தோடு முடிந்தது. மேனேஜருக்குப் போன் போட்டாலும் நான் கேட்பது ஒன்றுதான். "அப்பா நல்லா சாப்பிடறாருங்களா?" "சாப்பிடறாருங்க சார்." அவர் பொய் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா நாகலூர்க்காரர். ஏற்காட்டைத் தாண்டிப் போகவேண்டும். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, பேருக்கு நாலைந்து ஆரஞ்சு மரம். எழுபது கடந்த பிறகும் மிளகு பறிக்க அவரேதான் ஏணி ஏறுவார். கூலிக்கு வருகிறவன் கொடியைப் பிய்த்துவிடுவானாம். ஒரு மாசி மாதம் ஏணி சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

நாகலூர் வீடு ரோட்டுக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்கு நடுவே படி இறங்கிப் போகிற இடத்தில் இருக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம். ஓசூரில் நான் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இப்படி அடுக்கிச் சொன்னால் எல்லாம் நியாயமாகத்தான் படுகிறது. அக்கா கூப்பிட்டதை மட்டும் இந்த அடுக்கில் நான் சேர்ப்பதில்லை. "எங்கூட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுடா, நான் பாத்துக்கறேன்" என்றாள். மகன் இருக்க மருமகன் வீட்டில் அப்பாவா என்ற வீம்பு எனக்கு. மாதாமாதம் பணம் கட்டிப் பெரிய இடமாகப் பார்த்தேன். சேலத்தில், மலையடிவாரத்தை ஒட்டி. வாசலில் '24 மணி நேர நர்சிங்' என்று போர்டு. அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் முதலில் மலைத்தேன், பிறகு அதுவே தைரியமாகிவிட்டது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லச் செய்தி வந்தபோது நானும்தான் கொதித்தேன். காய்கறி ஏற்றிய வேனில் ஒரு பிணம், அதன் பக்கத்திலேயே உயிரோடு ஒரு பாட்டி, காப்பாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டு. அது ஆதரவில்லாதவர்கள் இருந்த இடம். நாம்தான் காசு கொடுக்கிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருமுறை பார்க்கப் போனேன். வீல்சேரில் வைத்து முன்னறைக்குத் தள்ளிவந்தார்கள். ஊதுபத்தி வாசம். அப்பா தோட்டத்தைப் பற்றிக் கேட்டார், மழை பெய்ததா என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதுவு எரியுது சாமி" என்றார். பக்கத்தில் நின்ற ஆயாம்மா, "படுத்தே இருக்காருங்கல்ல, வேர்க்குருங்க" என்றார். "கொஞ்சம் பவுடர் போட்டு விடுங்கம்மா" என்று நூறு ரூபாய்த் தாளொன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இருட்டினால் நாகலூர் ரோட்டில் காட்டெருமை நிற்கும், அதற்குள் மலையேறிவிடவேண்டும் என்ற அவசரம். சட்டையைத் தூக்கிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்காது.

பிறகு ஒருநாள் மேனேஜர் போன் செய்தார். "லேசா காய்ச்சல் சார், ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்." நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அங்கே இருந்தாள். அப்பாவுக்கு நினைவு சரியாக இல்லை. துணி மாற்ற நர்ஸ் வந்தார். "சார், அந்தப் பக்கம் புடிங்க, புரட்டணும்" என்றார். நான் தோளைப் பிடித்தேன். எவ்வளவு கனம் குறைந்திருந்தார் என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. அவர் என் பக்கமாகச் சாய்ந்தார், முகம் என் வயிற்றில் பட்டது. நர்ஸ் டயப்பரை விலக்கினார். ஒரு கணம் ஏதோ கறுப்புத் துணி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். துணியில்லை, சதை. இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் குழி. குழிக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது என்னவென்று நர்ஸிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அந்த ஊதுபத்தி எதற்கு என்று அப்போது புரிந்தது.

"யாரு சார் இவர பாத்துக்கறது?" என்றார் நர்ஸ். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"நான்தாங்க" என்றேன்.

டாக்டர் விளக்கினார். அசையாமல் படுத்திருப்பவரின் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்தம் ஓடாமல் செத்துப்போகும். முதலில் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். புண்ணில் பிடித்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. அப்பா பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் நான் செய்தவைதான் இதை எழுத வைக்கின்றன. அப்பா இருக்கும்போதே அக்கா அந்தப் புண்ணைப் போனில் படமெடுக்கப் பார்த்தாள். "அப்பா மானத்த வாங்காத" என்று அதட்டிப் போனைப் பிடுங்கினேன். புகார் கொடுப்பதாக இருந்தால் போலீசுக்குச் சொல்லி போஸ்ட்மார்ட்டம் செய்யவேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவரை அறுக்க வேண்டாம் என்றேன். கேஸ் ஷீட் கேட்கவில்லை. அன்றைக்கே நாகலூரில் தகனம் முடிந்தது. மறுநாள் மேனேஜர் மாலையோடு வந்தார், கூடவே ஒரு கவர். மீதி அட்வான்ஸ். அதோடு ஒரு தாள்: பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன், இல்லத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. யாரும் வற்புறுத்தவில்லை. பந்தல்காரருக்குப் பணம் தரவேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அக்கா ஓயாமல் சொல்லிச் சொல்லி, ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துச் சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பொறுமையான மனிதர். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பணம் வாங்கிப் பராமரிக்கிற இடத்தையும் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் கெடு என்றெல்லாம் சொன்னார். மனைவியை 1998-இல் கொல்கத்தா வைத்தியத்துக்குப் பின் இழந்த டாக்டர் குணால் சாஹா, ஸ்டீராய்டு ஊசியின் அளவைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷம் நடந்து, 2013-இல் வட்டி போக சுமார் 6 கோடி ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கிய கதையையும் சொன்னார். அதைக் கேட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"புண்ணோட போட்டோ இருக்குங்களா?"

"அது இல்லீங்க. வேற நெறைய இருக்கு" என்று போனை நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சவரம், விபூதி, போர்வை. ஒவ்வொன்றின் கீழும் என் கும்பிடு.

"சார், இது அவங்க பக்கத்து எவிடன்ஸ்" என்றார்.

ஆனாலும் அவர் கைவிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி ரெக்கார்டை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது, சேர்த்த அன்றே புண்ணைப் பற்றி எழுதியிருப்பார்கள், அது போதும் தொடங்க என்றார். புரட்டிப் படுக்கவைத்த சார்ட்டை இல்லம் காட்டட்டும் என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு மட்டும் ரெடியா இருங்க. நீங்க எத்தன தடவ போனீங்க, போனப்ப முதுகப் பாத்தீங்களான்னு அவங்க வக்கீல் கேப்பாரு."

ஓசூர் திரும்பியதும் சட்டங்களைத் தேடிப் படித்தேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல், பொறுப்பில் இருக்கும் முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம்வரை சிறை என்று இருக்கிறது. மாதாமாதம் ஜி-பே செய்தவனை அது தொடாது. இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுதவேண்டிய கடிதத்தை எழுதவில்லை. வேலை, மார்ச் கணக்கு முடிப்பு, பையன் பரீட்சை என்று அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உண்மையான காரணம் வக்கீல் சொன்ன அந்தக் கேள்விதான். அதற்கு ஒரு பொது இடத்தில் நின்று பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

வக்கீல் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நான் போட்ட கையெழுத்து என்னோடு போயிற்று, அக்காவும் வாரிசுதான், அந்தத் தாள் அவளைக் கட்டாது என்று வாதாடி அவள் பெயரிலேயே மனுப் போடலாம் என்று. கெடு தை மாதத்தோடு முடிந்தது. அக்காவிடம் இதைப் பங்குனியில்தான் சொன்னேன்.