அப்பா சொல்ல, நான் கழற்ற

காரின் போனட்டைத் திறந்ததும் சிறிய வளையம் ஒன்று கண்ணில் படும். இழுத்தால் நீளமான கம்பி வரும். துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து, எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்போம். கம்பியைத் தெரிந்த நமக்கு, அது இறங்கும் குழாயைத் தெரியாது. எங்கள் வீட்டுக் காரில் அது பழுதான பிறகுதான், அந்த மெல்லிய இரும்புக் குழாய்க்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று புரிந்தது.

அந்தக் காருக்கு 20 வயது தாண்டிவிட்டது. அப்பா லாரி ஓட்டிய காசில் வாங்கியது. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்த பின் அவருடைய வலது கை பிடிமானம் இழந்தது, பேச்சும் மெதுவாகிவிட்டது. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஒரு நாள் எண்ணெய் கருகும் வாடை வந்தது. குழாயின் அடி துருப்பிடித்து விரிந்து, கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாய் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

பட்டறையில் ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். "400 வெள்ளி ஆகும். இந்தப் பழைய காருக்கு எதுக்கு? வித்துடுங்க," என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஃபோர்மேன் அடுத்த காருக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்துதான் அப்பா அதை முடித்தார்: "ஒரு போல்ட்டுதாம்மா. நாமளே மாத்தலாம்."

நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். எங்கள் தொழிலில் மூன்று விநாடி அமைதி நேர்ந்தாலே பதறிப்போவோம். அப்பாவிடம் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அதைவிட நீண்ட இடைவெளி இருக்கும். யாராவது முந்திக்கொண்டு முடித்துவைத்தால், தலையாட்டிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிடுவார். அதனால் அந்த வேலை முழுவதும் அவர் வேகத்தில்தான் நடந்தது.

சனிக்கிழமை மாலை, ஆறிய எஞ்சினில் குழாயைச் சுற்றியிருந்த அழுக்கைத் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தோம். மறுநாள் காலை பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் போல்ட்டை எடுத்து, குழாயை இடமும் வலமும் திருகி இழுத்தேன். மேல்துண்டு மட்டும் கையோடு வந்தது. அடித்துண்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

சுத்தியலைப் பார்த்தேன். "அடிக்காதம்மா... உள்ள... விழுந்துடும்," என்றார். பிறகு இடது கையால் தன் பெட்டியைத் துழாவி, உலோகத்தில் மரை வெட்டும் டேப் ஒன்றை எடுத்துத் தந்தார். இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ள அதில் கிரீஸ் தடவச் சொன்னார். அதை அடித்துண்டுக்குள் மெல்லத் திருகி இறுக்கி, நேராக மேலே இழுத்தேன். துண்டு கழன்று வந்தது. ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடிக் கட்டினோம்.

தம்பியின் காரில் பழைய உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் காட்டிய முதல் இரண்டு குழாய்களையும் அப்பா எங்கள் இரு துண்டுகளோடு ஒட்டிவைத்துப் பார்த்து வேண்டாமென்றார். மூன்றாவதுதான் சரியாக இருந்தது. விலை 25 வெள்ளி, ரப்பர் வளையம் 2 வெள்ளி. அளவில் அவர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. குழாய் சற்று நீளமாக இருந்தாலோ, முழுதாக இறங்காமல் நின்றாலோ, கம்பியும் உயரத்திலேயே நின்றுவிடும். எண்ணெய் போதுமான அளவு இருந்தும் குறைவாகக் காட்டும். நாம் மேலும் ஊற்றுவோம். அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெய் எஞ்சினைச் சரியாகக் காப்பதில்லை.

ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, குழாயை அடிவரை அழுத்தி, போல்ட்டை இறுக்கினேன். உள்ளே துகள் விழுந்திருந்தால் ஆபத்து என்று எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினோம். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. மலேசியாவில் அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. போத்தலில் அடைத்து, அதைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்தோம்.

வண்டியைச் சமதரையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கம்பியை எடுத்தேன். எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவில் நின்றது. அப்பா அதைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். குழாயின் அடியைத் துணியால் துடைத்துக் காட்டினேன். துணியில் கறையில்லை. காரை விற்கும் பேச்சு அன்றோடு நின்றது.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரில் எண்ணெய் கசிகிறது என்று என்னிடம் வந்தார். அப்பா இருந்த பக்கம் கைகாட்டினேன். "அங்கிள், என்னவா இருக்கும்?" என்று கேட்டார். பதில் வரச் சற்று நேரமாயிற்று. அந்தத் தம்பி நின்று கேட்டுவிட்டுப் போனார்.