34 என்ற எண் பிறந்த ஊர்

பிரான்ஸின் வாண்டோரன் நிறுவனப் பட்டியலில் பி40, பி45 என்று இரண்டு கிளாரினெட் மவுத்பீஸ்கள் உண்டு. இரண்டுக்கும் நுனித் திறப்பு (மவுத்பீஸின் நுனிக்கும் ரீடுக்கும் நடுவே உள்ள இடைவெளி) 119.5, அதாவது 1.195 மி.மீ. வாசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. பி40-க்கு நுனி விளிம்பு அகலம். ஒலி உருண்டு திரண்டு வருகிறது. ஒற்றை எண் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்விதான் என்னை ஃபேசிங் அளவுகளின் பக்கம் இழுத்தது.

ரீடு படிந்திருக்கும் சமதளம் முடிந்து, நுனி வரை ரீடை விட்டு மெல்ல விலகிப்போகும் வளைவுதான் ஃபேசிங். இந்த இடைவெளியில்தான் ரீடு திறந்து மூடித் துடிக்கிறது.

மவுத்பீஸ் செதுக்குபவர்கள் இதை 34, 22, 12, 6 என்பது போன்ற எண்வரிசையாகக் குறிக்கிறார்கள். வரிசையின் மூலத்தைத் தேடிப் போனால் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கான் போன்ற வாத்தியத் தொழிற்சாலைகளால் பெயர்பெற்ற எல்க்கார்ட் நகரம் வருகிறது. அங்கே பணியாற்றிய எரிக் பிராண்ட், பேண்டு வாத்தியங்களைப் பழுதுபார்க்கக் கையேடு எழுதியவர். அந்த அளவுமுறை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

கருவி எளிமையானது: அரை மில்லிமீட்டர் கோடுகள் போட்ட கண்ணாடித் துண்டு, கார் மெக்கானிக் வைத்திருப்பது போன்ற ஃபீலர் கேஜ் தகடுகள். தகடுகளின் தடிமன் 0.0015, 0.010, 0.024, 0.034 அங்குலம். நீளத்துக்கு மில்லிமீட்டர், தடிமனுக்கு அங்குலம் என்று இரண்டு முறைகளும் ஒரே வரிசைக்குள் குடியிருக்கின்றன. கண்ணாடியை மவுத்பீஸின் மேல் பொருத்தி, தகட்டை நுனியிலிருந்து உள்ளே விட்டால் ஓரிடத்தில் நிற்கும். அந்தக் கோட்டின் எண்தான் அளவு. 34 என்றால் நுனியிலிருந்து 17 மி.மீ. முதல் தகடு தாளைவிட மெல்லியது; சற்று அழுத்தினாலும் வளைந்து உள்ளே ஏறி, எண்ணைக் கூட்டிவிடும். தன் எடையிலேயே அது வழுக்கி நிற்கவேண்டும்.

ஆனால் அந்த 17 மி.மீ.-இல்தான் வளைவு தொடங்குகிறது என்று நினைத்தால் தவறு. நுனித் திறப்பு 1.1 மி.மீ., வளைவு ஒரு வட்டத்தின் பகுதி என்று வைத்துக் கணக்கிட்டேன். தொடக்கம் நுனியிலிருந்து ஏறக்குறைய 21 மி.மீ. தூரத்துக்குத் தள்ளிப் போனது! மெல்லிய தகடு கூட நுழைய முடியாத இடைவெளியிலேயே நாலு மில்லிமீட்டர் கடந்துவிடுகிறது. ஆகவே 34 என்பது வளைவின் தொடக்கமல்ல, முதல் தகடு நின்ற இடம் மட்டுமே.

இதனால் இரண்டு மவுத்பீஸ்களை ஒப்பிடும்போது ஒரே கண்ணாடி, ஒரே தகடுகள், ஒரே கை இருப்பது முக்கியம். நீண்ட வளைவும் குறுகிய நுனியும் கொண்ட வியன்னா மவுத்பீஸை முதல் எண்ணை மட்டும் வைத்து பிரெஞ்சு வகையோடு ஒப்பிட்டால் பயனில்லை. நாலு எண்ணும் நுனித் திறப்பும் சேர்ந்தே வேண்டும். இடது, வலது விளிம்புகளையும் தனித்தனியே அளக்கவேண்டும். ஒரு பக்கம் 34, மறுபக்கம் 32 என்று வந்தால், அந்த மவுத்பீஸில் ரீடு இருபுறமும் ஒருசேர மூடாது.