சாவியை வாங்கி வைக்கும் ஆள்

டிசம்பர் பிறந்தால் கம்பெனி ஆபீஸில் லீவு மனுக்கள் குவியும். சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருட விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன்கள் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் பொங்கலுக்கும் என்று நாட்களைச் சேமித்து வைத்திருப்பார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது, போஸ்ட்டில் ஆள் இருக்க வேண்டும். இடம் கிடைத்தவர்களை வரிசையில் நிறுத்தி, பத்திரமாகப் போய் வரச் சொல்லிப் பேசி அனுப்புவது சுபேதாரின் வேலை. மதராஸ் ரெஜிமெண்டில் இருந்த காலத்தில் பல குளிர்காலங்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

ஹெல்மெட் போடு, குடித்துவிட்டு ஓட்டாதே, ரயிலில் முன்பின் தெரியாதவர் கொடுக்கும் டீயையும் பிஸ்கட்டையும் தொடாதே. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கேட்டுக்கொண்டு நிற்பவனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். தெரிந்தவன் ஏன் ஊருக்குப் போய் அடிபடுகிறான் என்பதைத்தான் நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன்.

லடாக்கில் 15,000 அடிக்கு மேல் இருக்கும் போஸ்ட்டில் எவனும் தனியாக எதுவும் செய்வதில்லை. இருவர் இருவராக ஜோடி. காலுறை நனைந்திருக்கிறதா என்று ஜோடிக்காரன் பார்ப்பான். பனிக்கடியில் மூக்கு நுனி வெளுத்தால் அவன் கண்ணுக்குத்தான் முதலில் படும். அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும்போது காற்று வரும் வழி திறந்திருக்கிறதா, படுக்கும் முன் அணைத்தாயா என்று அவன் கேட்பான். அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவன் எழுந்திருப்பதில்லை. எங்கள் பையன்களுக்கு இது மனப்பாடம். ஆனால் அதே பையன் லீவில் மனைவி பிள்ளைகளோடு கொடைக்கானலுக்குப் போனால், குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடும். மலை ஊர்களில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அணைத்தாயா என்று கேட்க அங்கே ஜோடிக்காரன் இல்லை.

அதனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனிடமும் ஒரு கேள்வி கேட்பேன். "தம்பி, ஊர்ல உன் கையிலேருந்து வண்டிச் சாவியை வாங்கி வைக்கிற ஆள் யாரு?" முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருவன் அக்காவைச் சொல்வான், இன்னொருவன் தாய்மாமனைச் சொல்வான். புதிதாகக் கல்யாணமானவன் தயங்கி, "வீட்ல அவங்க சொன்னா கேப்பேன் சாப்" என்பான். அந்த ஆளின் போன் நம்பரை லீவு ரிஜிஸ்டரில் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு நானே பேசுவேன். உங்கள் பிள்ளை லீவில் வருகிறான், முதல் இரண்டு நாள் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எந்தப் பெயரும் சொல்லத் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. அவர்களைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவேன். வீட்டில் சண்டையா, பெண் விஷயமா, கடனா, ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

முதல் இரண்டு நாளை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் சோஜிலா கணவாய்ப் பாதையைப் பனி அடைத்துவிட்டால் லேயிலிருந்து சண்டிகருக்கு விமானப்படை விமானம்தான் கதி. மேகம் இறங்கினால் அதுவும் பறக்காது, டிரான்ஸிட் கேம்ப்பில் பெட்டியோடு காத்துக் கிடக்க வேண்டும். பிறகு டெல்லி. ஜனவரி மூடுபனியில் வட இந்திய ரயில்கள் எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நல்ல நாளிலேயே சென்னை வந்து சேர முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்பிறகு பஸ். வீட்டு வாசலை மிதிக்கும்போது அவன் ஒழுங்காகத் தூங்கிப் பல இரவுகள் ஆகியிருக்கும். ஆனால் அவனுக்கு அது தெரியாது. மாதக்கணக்கில் மெல்லிய காற்றில் இருந்த உடம்பில் சிவப்பணு கூடியிருக்கும். சமவெளிக் காற்று பட்டதும் யானை பலம் வந்ததுபோல் இருக்கும். வாசலில் தம்பி வாங்கிய புது பைக் நிற்கும். சாயங்காலம் சேக்காளிகள் வருவார்கள், கேன்டீன் பாட்டில் திறக்கப்படும், பரோட்டா வாங்கப் பக்கத்து ஊர்தானே என்று கிளம்புவார்கள். லீவில் மிக ஆபத்தான நேரம் எது என்று கேட்டால் அந்த முதல் சாயங்காலத்தைத்தான் சொல்வேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஓட்டுவது குற்றம். பனியில் ரம் குடித்துப் பழகியவன் என்று சொல்லிக்கொள்பவனுக்கும் அதே கணக்குதான்.

ஜல்லிக்கட்டுக்குப் போகிற மதுரைப் பையன்களைத் தடுக்க நான் முயன்றதில்லை. அலங்காநல்லூரில் பிறந்தவனிடம் காளையைத் தொடாதே என்றால் நான் சொல்லும் மற்ற எதையும் அவன் கேட்கமாட்டான். முறையாகப் பதிவு செய்து, டாக்டர் பார்த்த பிறகு களத்தில் இறங்கு என்பதோடு விட்டுவிடுவேன்.

சண்டை விஷயம் அப்படி இல்லை. வெளியே இருப்பவர்கள் இதை அவ்வளவாக அறியமாட்டார்கள். ராணுவத்தில் இருக்கும் மகன் வரட்டும் என்று வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் வீட்டில் தேக்கி வைத்திருப்பார்கள். பெட்டியை இறக்கி வைக்கும் முன் அப்பா ஆரம்பிப்பார். இரவு தூங்காதவன், இத்தனை மாதம் வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வோடு வந்தவன், நேரே வயலுக்குப் போய் நிற்பான். 2023 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியருகே துணி துவைத்ததில் தொடங்கிய தகராறில் லீவில் வந்த ஒரு ராணுவ வீரர் தாக்கப்பட்டு இறந்துபோனார். ராணுவப் பணியிலிருந்து உயிரோடு ஊர் திரும்பியவர் அவர். இன்றும் எனக்கு மனது ஆறவில்லை.

எனவே கிளம்பும் முன்பே கேட்டுவிடுவேன். "வீட்ல ஏதாவது வழக்கு வம்பு உண்டா?" உண்டென்றால் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தோடு கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் கடிதம் போகும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற ஒன்று இருக்கிறது, பணியில் இருக்கும் சிப்பாயின் குடும்பமும் அங்கே போய் உதவி கேட்கலாம். கோர்ட் வழக்காக இருந்தால், சிறப்புச் சூழலில் பணிபுரியும் சிப்பாய் நேரில் வர முடியாதபோது விசாரணையை நிறுத்தி வைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பையன்களில் பலருக்கு இது தெரியாது. தன் கையை விட்டால் வேறு வழியில்லை என்று நினைப்பவன்தான் கை ஓங்குகிறான்.

ஜம்மு காஷ்மீர்ச் சகாக்களுக்கு லீவு என்பதே வேறு வகை ஆபத்து. 2017 மே மாதம் உறவினர் திருமணத்துக்குப் போன லெப்டினன்ட் உமர் ஃபயாஸ் ஷோபியானில் கடத்திக் கொல்லப்பட்டார். 2018 ஜூனில் ஈத் பெருநாளுக்கு வீட்டுக்குக் கிளம்பிய ரைபிள்மேன் ஔரங்கசீப்பை வழியிலேயே கடத்திக் கொன்றார்கள். புறப்படும் நாளையும் வழியையும் போனில் யாருக்கும் சொல்லாதே, ஸ்டேட்டஸ் போடாதே என்று தமிழ்ப் பையன்களிடம் சொல்லும்போது இந்த இரண்டு பெயர்களையும் சொல்வேன். 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவ உத்தரவு வந்தபோது முணுமுணுத்தவர்கள்கூட இதைக் கேட்டபின் வாதாடவில்லை.

திரும்பி வருவதும் லீவில் சேர்ந்ததுதான். காரணமில்லாமல் நாள் தவறினால் ராணுவச் சட்டம் 39ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பயத்தில் கடைசி இரவு வாடகைக் காரை விரட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ரயில் தவறிவிட்டால், உடம்பு சரியில்லாமல் போனால், யூனிட்டுக்கு உடனே போன் செய், சென்னையிலோ வெலிங்டனிலோ இருக்கும் ராணுவ மருத்துவமனையில் போய்ச் சேர் என்பேன். முன்கூட்டிச் சொன்னவனுக்கு நாள் நீட்டிக்கக் கேட்டுப் பார்க்க எங்களுக்கும் வழி இருக்கும்.

லே வந்து இறங்கியதும் பழைய ஆள்தானே என்று மேலே ஏற விடமாட்டார்கள். நான்கு வாரத்துக்கு மேல் சமவெளியில் இருந்துவிட்டு வந்தால் முதல் கட்டத்தில் 6 நாள், அதற்கு மேல் 4 நாள், இன்னும் மேலே 4 நாள் என்று உடம்பை மறுபடி பழக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோக்கும் நோய் புது ஆளை மட்டும் பிடிப்பதில்லை, ஊருக்குப் போய் வந்தவனையும் பிடிக்கும். பொங்கல் சளியோடு வருகிறவன், சொன்னால் சோம்பேறி என்பார்களோ என்று இருமலை அடக்கிக்கொள்வான். அதனால் லீவுக்கு அனுப்பும் அன்றே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். இருமலோ தலைவலியோ இருந்தால் இறங்கிய அன்றே நர்சிங் அசிஸ்டெண்டிடம் சொல்ல வேண்டும், அதற்காக உன்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள், யாராவது சொன்னால் என்னிடம் வா.