தூக்குக் குண்டு

சோழவந்தானில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பழுது பார்ப்பதா, விற்பதா என்று முடிவெடுக்கப் படங்கள் வேண்டுமெனச் சிங்கப்பூரிலிருந்து தம்பி கேட்டிருந்தான். முற்றம் குறுகலானது. தூண்களும் உத்தரமும் ஒரே படத்தில் அடங்கவேண்டி, கைப்பேசியை அண்ணாந்து பிடித்தோம். தூண்களெல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிட்டன.

இது தூண்களின் குற்றமன்று. கருவியின் பின்தளம் அவற்றுக்கு இணையாக இல்லாதபோது, உயரே உள்ளவை சிறுத்து, நெடுக்குக் கோடுகள் குவியும். பழைய பெரிய பெட்டிக் கேமராக்களில் பின்பலகையைச் செங்குத்தாகவே நிறுத்தி, லென்ஸை மட்டும் உயர்த்திக்கொள்ள முடிந்தது. 1858இல் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் அரண்மனையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவுகளில் வண்ணம் தீட்டி வானத்துக்கு மேகங்களும் சேர்த்தவர். திருத்தம் என்பது நேற்று வந்த பழக்கமன்று.

நாங்களும் அன்றிரவு கணினியில் திருத்தினோம். இடப்புறத் தூணையும் வலப்புற அடுப்படிச் சுவரின் விளிம்பையும் செங்குத்தென்று குறித்துக் கொடுத்தோம். படத்தின் மேற்பகுதி அகலமாக இழுபட்டது. ஓரங்கள் சற்று வெட்டுப்பட்டன. வீடு நிமிர்ந்து நின்றது.

"சுவரெல்லாம் நேராத்தானே இருக்கு அண்ணே, வெள்ளையடிச்சாப் போதும்" என்றான் தம்பி. எங்களுக்கும் மகிழ்ச்சி. அடுத்த நாள் அம்மாவிடம் படத்தைக் காட்டினோம். கண்ணருகே வைத்துப் பார்த்தவர், "அடுப்படிச் சுவரு எப்பய்யா நிமிந்துச்சு?" என்று கேட்டார்.

அச்சுவர் ஒரு பெருமழையில் அடித்தளம் இறங்கி, முற்றத்துப் பக்கம் சாய்ந்தது. தினமும் பார்த்த கண்களுக்கு அது சாய்வாகவே தெரியாமல் போயிருந்தது. அம்மா இரவில் பாய் விரிப்பதோ அந்தச் சுவரோரத் தாழ்வாரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரிடம் இரண்டு தூக்குக் குண்டுகளை வாங்கி, உத்தரத்தின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு மீண்டும் படமெடுத்தோம். இம்முறை தூணையோ சுவரையோ நம்பவில்லை. இரு நூல்களை மட்டுமே செங்குத்தெனக் குறித்தோம். தூண்கள் நிமிர்ந்தன. சுவர் நிமிரவில்லை. மேலே நூலைத் தொட்டுக்கொண்டிருந்த அது, தரையில் நான்கு விரற்கடை விலகி நின்றது.

சுவடியில் ஒரு சொல் இடறினால், அது ஏடெழுதியவரின் பிழையா, புலவரின் வழக்கா என்று பிற சுவடிகளோடு ஒப்பிட்ட பின்பே கைவைக்க வேண்டுமென்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். சொந்த வீட்டுப் படத்தில் அதை மறந்தோம். எது கருவியின் சாய்வு, எது வீட்டின் சாய்வு என்று பிரித்தறியாமல் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டோம்.

புதிய படத்தைப் பார்த்த தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா எங்க படுக்குறாங்க?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. சுவருக்குச் சவுக்குக் கழிகளால் முட்டுக் கொடுத்திருக்கிறோம். அம்மாவின் பாய் பட்டாசாலைக்கு மாறியிருக்கிறது.