திருவிழா மேடைக்கு எந்த கிதார்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மெல்லிசைக் கச்சேரிக்கு எலெக்ட்ரிக் கிதார் வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது லெஸ் பால் வகையைத்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தியின் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75. அதே தந்தி, அதே சுருதி என்றால் இறுக்கம் குறைவு. தந்தியை வளைத்துக் கமகம் கொடுக்க விரல் அதிகம் நோகாது. அதைவிட முக்கியம் இரைச்சல். சீரியல் செட்டும் டிம்மரும் சூழ்ந்த மேடையில் ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருள் பிக்அப், 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தையும் சேர்த்தே ஸ்பீக்கருக்கு அனுப்பும். லெஸ் பாலில் உள்ள ஹம்பக்கர் பிக்அப்பின் எதிரெதிர்ச் சுருள்கள் இரண்டும் அதை அடக்கிவிடுகின்றன.

“ஸ்ட்ராட்டின் பளிச்சென்ற தெளிவு வருமா?” என்பார்கள். வராது, உண்மைதான். நடு பிக்அப் எதிர்ச்சுற்றாக இருந்தால் சுவிட்சின் 2, 4 நிலைகளில் ஸ்ட்ராட்டும் அமைதியாகும். ஆனால் மற்ற மூன்று நிலைகளில் ரீங்காரம் போகாதே! வாங்குமுன் டியூப்லைட் பக்கத்தில் நின்று இரண்டையும் வாசித்துப் பாருங்கள்.